பதினேழாம் எண் சேணம்

டிசம்பர் 22

சீமாட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன். நாயுடுபுரம் தாண்டி, பூட்டிக்கிடந்த ஒரு பங்களாவின் புல்தரையில் வீட்டுக்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் இந்த மலையூர் ஏரிக்கரையில் சவாரி இருக்காது. குதிரைகளை அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். அவை ஊரெல்லாம் மேய்ந்து, குப்பைத் தொட்டியில் மூக்கை நுழைத்து எப்படியோ பிழைத்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் கூட்டம் ஏறும்போது தேடிப்போய்ப் பிடித்துவர வேண்டும். முதலாளி நல்லமுத்து இதற்கு ‘ரெஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார். திருப்பூரில் ஆர்டர் இல்லாத மாதம் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்களே, அதற்கும் அதே பெயர்தான்.

அப்பா பதினெட்டு வருடமாக இந்த முதலாளியின் குதிரையைக் கயிறு பிடித்துச் சவாரி கூட்டிப்போகிறார். நவம்பரில் விடுதிக் கார் ஒன்று பின்னால் எடுத்தபோது அவர் கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ஏப்ரல் வரை நடக்க முடியாது. ஆள் வராவிட்டால் குதிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பனியன் கம்பெனியை விட்டுவிட்டு நான் வந்திருக்கிறேன். ஏரிக்கரையில் குதிரை பிடிக்கும் ஒரே பெண் நான்தான். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

டிசம்பர் 24

ஒவ்வொரு குதிரைக்கும் நகராட்சி உரிமமாகக் கொடுத்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. சீமாட்டியின் எண் 41. முதலாளி அதே எண்ணைச் சேணத்தின் பின்பக்கத்திலும் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருக்கிறார். காலையில் கொட்டகை வாசலில் பதினோரு பேரும் வரிசையில் நின்று அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் உள்ளிருந்து அந்தச் சேணத்தை எடுத்துத் தருவார். எல்லாம் ஒரே இடத்தில் வாங்கியவை. ஒரே பழுப்பு நிறம்.

41ஐச் சீமாட்டியின் முதுகில் வைத்தால் உட்காரவில்லை. மூன்று மாதப் புல்லில் அவள் பீப்பாய் மாதிரி ஆகிவிட்டாள். சேணம் மேலே மிதக்கிறது, ஆடுகிறது.

“அடியில ரெண்டு சாக்கு மடிச்சுப் போடு தாயி. நாங்க காலங்காலமா அப்பிடித்தான்” என்றார் அப்பா, படுத்தபடியே.

போட்டேன். ஆட்டம் நின்றது.

டிசம்பர் 29

கூட்டமான கூட்டம். ஒரு ஆள் வந்தார், தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. “குதிரை தாங்குமாம்மா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். “தாங்கும் சார், நீங்கதான் தாங்க மாட்டீங்க” என்றேன். ஏறவில்லை. பக்கத்தில் நின்ற காஜாண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏ பனியன் கம்பெனி! வர்ற கிராக்கிய வெரட்டுறதுக்கா ஒன்னைய வரச் சொன்னாங்க?”

“அப்ப உங்க குதிரையில ஏத்துங்க.”

“எங் குதிரை கலெக்டரு. பப்ளிக்கத் தாங்குற பழக்கம் அதுக்குக் கெடையாது.”

காஜாண்ணனின் குதிரைக்குப் பெயரே கலெக்டர்தான். பரந்த முதுகு, தடித்த கழுத்து. யாரையும் நிமிர்ந்து பார்க்காது. எண் 17. அப்பா கால் உடைந்து கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இந்தக் காஜாண்ணன்தான். அதை ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை.

ஜனவரி 3

சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது சீமாட்டி திரும்பிக் கடிக்க வருகிறாள். இன்னொரு சாக்கு சேர்த்துப் போட்டேன். மொத்தம் மூன்று.

ஜனவரி 11

நாலு சாக்கு.

ஜனவரி 12

இன்று சேணத்தை இறக்கியபோது உற்றுப் பார்த்தேன். முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்திருந்தது. சேணம் அழுத்துகிற இடத்தில் வியர்க்காது. கைவைத்தேன். அவள் தோல் அலைபோல நடுங்கியது. மயிர் உடைந்து நிற்கிறது. இப்படியே விட்டால் பத்து நாளில் புண்.

மார்ச்சில் கால்நடை டாக்டர் வந்து எல்லாக் குதிரையையும் பார்ப்பார். முதுகில் புண் இருந்தால் வில்லையைப் பிடித்து வைத்துக்கொள்வார். வில்லை இல்லாத குதிரையைச் சீசன் நேரத்தில் முதலாளி கட்டித் தீனி போட மாட்டார். கீழே இறக்கிவிடுவார். கீழே என்றால் சமவெளி. அங்கே செங்கல் சூளையில் பாரம் சுமக்கும் வேலை. போன வருடம் போன இரண்டு குதிரைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ராத்திரி சாப்பிடும்போது உறைத்தது. நான் எவ்வளவு பெரிய முட்டாள்! திருப்பூரில் கட்டிங் பிரிவில் இரண்டு வருடம் பேட்டர்ன் வெட்டியிருக்கிறேன். இறுக்கிப் பிடிக்கிற சட்டைக்குள் இன்னும் நாலு பனியனைப் போட்டால் சட்டை தளருமா? இறுகும். ஆடியது பெரிய சேணம் என்பதால் இல்லை. சின்னது என்பதால் உட்கார முடியாமல் ஆடியது. நான் சாக்குச் சாக்காகத் திணித்து நெரித்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். “பதினெட்டு வருசமா எனக்குத் தெரியாததா?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜனவரி 18

ஒரு வாரம் சீமாட்டிக்குச் சேணம் போடவில்லை. போட்டோவுக்கு மட்டும் நிறுத்தினேன். காய்ந்த இடம் ஆறிவருகிறது.

இன்று மூன்றடி கெட்டி அலுமினியக் கம்பி வாங்கினேன். தோளெலும்புக்குப் பின்னால் அவள் முதுகின்மேல் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தி வளைத்தேன். உருக் கெடாமல் எடுத்துக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். கத்தரித்தால் முதுகின் பேட்டர்ன். இவ்வளவுதான் வேலை.

“என்ன, குதிரைக்கு ஜட்டி தைக்கப் போறியா?” என்றார் காஜாண்ணன்.

“மொதல்ல ஒங்களுக்குத்தான். அளவு குடுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கலெக்டரின் பின்னால் ஒளிந்துகொண்டார்.

ஜனவரி 19

துடைக்கிறேன் என்று சொல்லி, சவாரி முடிந்த சாயங்காலம் கொட்டகைக்குள் போய், காகிதத்தைப் பதினோரு சேணத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். 41 இரண்டு விரல் குறுகல். ஒன்றே ஒன்றுதான் கச்சிதமாகப் பொருந்தியது. பதினேழு.

முதலாளியிடம் நேராகக் கேட்டேன்.

“சீமாட்டிக்கு நாப்பத்தொண்ணு சேரலைங்க. வேற சேணம் குடுங்க.”

“சேரும். இறுக்கிக் கட்டு.”

“இறுக்குனா புண்ணாகுதுங்க. ஆளுக்கு ஆள் சட்டை அளவு மாறும்ல?”

“இந்தா பாரு புள்ள. நம்பரை மாத்திக் குடுத்தா எவன் கிழிச்சான், எவன் தொலைச்சான்னு நான் எங்க போயித் தேடுறது? ஒங்கப்பன் ஒருநாள் இப்பிடிக் கேட்டதில்ல.”

கேட்டதில்லை. அதுதான் பதினெட்டு வருடத்தின் கதை. சேணம் குதிரைக்காக இல்லை, அவருடைய கணக்குக்காக.

ஜனவரி 20

சாயங்காலம் கொட்டகையில் சில சேணங்களின் எண்கள் மங்கிப்போயிருந்தன. “நான் எழுதித் தர்றேங்க, என் எழுத்து நல்லாருக்கும்” என்றேன். முதலாளிக்குச் சந்தோஷம். பெயின்டும் பிரஷும் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

எழுதினேன். பழைய எண்களின்மேல் பழுப்புப் பெயின்ட் பூசி எழுதும்போது 41உம் 17உம் இடம் மாறிவிட்டன.

காஜாண்ணன் கண்டுபிடிக்க மாட்டார். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது. கலெக்டர் மழை, வெயில் எல்லாம் தாங்கிய கெட்டி உடம்பு. அதை அளக்கவில்லை. அளக்க நேரமில்லை.

ஜனவரி 22

சீமாட்டி பறக்கிறாள்! வாரை இழுத்தேன், காதைக்கூட மடக்கவில்லை. ஏரியை ஐந்து சுற்று. இறக்கியபோது முதுகு முழுக்க ஒரே சீராக ஈரம். பென்சிலும் காகிதமும் கம்பியும் போதும், இந்த ஊரையே திருத்திவிடலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 6

உறைபனி புல்லையெல்லாம் கருக்கிவிட்டது. முதலாளி போடும் வைக்கோல் ஒரு வாய்க்குக் காணாது. சீமாட்டிக்கு விலாவில் குழி விழுகிறது. இரண்டாவது முறை கம்பி வைத்தேன். முதல் கோட்டின்மேல் இரண்டாவது கோடு ஒரு விரல் உள்ளே விழுந்தது.

பழைய பதினேழு இப்போது முன்னால் சரிகிறது. முன்பக்கத்துக்கு மட்டும் பழைய கம்பளியை முக்கோணமாக வெட்டி வைத்தேன். நின்றது. பெரிய சேணத்தைக் கம்பளி வைத்துச் சிறிதாக்கலாம். சிறியதை எதை வைத்தும் பெரிதாக்க முடியாது. இந்த ஒரு வரியைக் கொட்டகைக் கதவில் எழுதி ஒட்ட வேண்டும்.

கலெக்டர் இன்று ஒரு குழந்தையின் தொப்பியைக் கடித்து இழுத்ததாம். குழந்தையின் அப்பா சத்தம் போட்டார். காஜாண்ணன் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டார். ஒரு தொப்பிக்கு இவ்வளவு தேவையில்லை.

பிப்ரவரி 17

காஜாண்ணன் கலெக்டரைக் குச்சியால் அடித்தார். அவர் அடித்து நான் பார்த்ததில்லை.

“திமிரு புடிச்சிருச்சு இதுக்கு. வாரைத் தொட்டாலே எகிறுது.”

“வயசாயிருச்சோ என்னமோ” என்றேன்.

“ஒம்பது வயசு என்ன வயசு?”

பிறகு அவர் மூன்று சாக்கு மடித்துச் சேணத்தின் அடியில் போட்டார். நான் சீமாட்டிக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

மார்ச் 2

மூன்றாவது கோடு. சீமாட்டி இன்னும் இளைத்திருக்கிறாள். சும்மா பார்ப்போமே என்று காகிதத்தைப் பழைய 41இல் வைத்துப் பார்த்தேன். இப்போது பொருந்துகிறது. மாற்றி எழுத ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் ஏப்ரலில் மழை பெய்யும், புல் வரும், அவள் மறுபடியும் பெருப்பாள். அப்போது பதினேழு என் கையில் இருக்காது. டாக்டர் வர இன்னும் இரண்டு வாரம். அதுவரை எதையும் தொடக் கூடாது.

மாற்றவில்லை.

மார்ச் 9

காஜாண்ணன் கலெக்டரின் முதுகில் மஞ்சள் பூசுகிறார். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை.

மார்ச் 18

டாக்டரம்மா வந்தார். சின்ன வயதுதான். ஒவ்வொரு குதிரையின் முதுகிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். சீமாட்டியின் முதுகைத் தட்டி, “சுத்தமா இருக்கே, யாரு பாத்துக்கறது?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்தது கலெக்டர். சாக்கைத் தூக்கியதும் புண் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு.

முப்பது நாள் சேணம் படக் கூடாது, பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வில்லையைக் கழற்றிக்கொண்டார். அவர் ஜீப் போனதும் முதலாளி, “முப்பது நாளு எவன் தீனி போடுறது? சனிக்கெழமை சூளைக்காரனை வரச் சொல்றேன்” என்றார். காஜாண்ணன் நடைபாதை ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். கயிறு அவர் கையிலேயே இருந்தது.

வீட்டில் அப்பாவுக்குச் சந்தோஷம். சீமாட்டியின் வில்லையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மீன் குழம்பில் உப்பு அதிகம்.

மார்ச் 19

குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

கலெக்டரை அளக்க நேரமில்லை என்று ஜனவரி 20இல் எழுதியிருக்கிறேன். நேரம் இருந்தது. அளந்தால் 41 அதற்கும் சேராது என்று தெரிந்துவிடும், தெரிந்தால் மாற்ற முடியாது. அதனால்தான் அளக்கவில்லை. கார்க்காரன், முதலாளி, தொண்ணூறு கிலோ ஆள், எல்லாரையும் இந்த நோட்டில் திட்டியிருக்கிறேன். என் குதிரையின் புண்ணைத் தூக்கி இன்னொருவன் குதிரை முதுகில் வைத்தது நான். அதுவும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவனின் குதிரை.

இன்றைக்கு வியாழன். சனிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இடையில் இருக்கிறது.

மதியம் கம்பியை எடுத்துக்கொண்டு போய், பாக்கிப் பத்துக் குதிரைகளையும் அளந்தேன். கலெக்டரையும்தான். என்னை அதுவும் கடிக்க வந்தது. கடிக்கட்டும் என்று நின்றேன்.

மார்ச் 20

காலையில் கொட்டகை வாசல். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். காஜாண்ணனும் வந்திருந்தார், பழக்கத்தில் கால் இழுத்து வந்திருக்கும்.

முதலாளி கதவைத் திறந்து, “ம், சொல்லு” என்றார். நான் முதலில் நின்றேன். எண்ணைச் சொல்லவில்லை.

“நம்பரை நான்தான் மாத்தி எழுதுனேன். நாப்பத்தொண்ணு, பதினேழு ரெண்டையும். கலெக்டருக்குப் புண்ணு வந்தது என்னால.”

பெயின்டைச் சுரண்டி, அடியில் இருந்த பழைய எண்ணைக் காட்டினேன்.

காஜாண்ணன் வந்து சேணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நான் அதை அடிச்சேண்டி. திமிருன்னு நெனச்சு அடிச்சேன். நீ பக்கத்துலயே நின்ன. வயசாயிருச்சோன்னு வேற கேட்ட.”

“ஆமாண்ணே.”

“அண்ணேன்னு கூப்புடாத.”

அவர் அடித்திருந்தால் தேவலை. போய்க் கலெக்டரின் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

முதலாளிதான் கத்தினார். “வில்லையக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. நாளைலருந்து ஒங்கப்பனும் வர வேணாம்.”

“போறேன். அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.” பதினோரு காகிதத்தையும் புல்லில் பரப்பினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தக் குதிரையின் சேணத்தை எடுத்து வைக்கச் சொன்னேன். முதலாளி நகரவில்லை. வரிசையில் நின்றவர்களே உள்ளே புகுந்து எடுத்து வைத்தார்கள். பதினொன்றில் நாலுதான் பொருந்தியது. மற்ற குதிரைகளுக்கும் சாக்குக்கு அடியில் காய்ந்த இடங்கள் இருந்ததை நேற்று அளக்கும்போதே பார்த்திருந்தேன். மாற்றிப்போட்டுப் பார்த்தோம். எட்டுக் குதிரைக்குச் சேர்ந்தது. கம்பளி வைத்து இன்னும் இரண்டு. பதினேழு கலெக்டரின் காகிதத்தில் அப்படியே உட்கார்ந்தது. சீமாட்டியின் மூன்றாவது கோட்டுக்கும் கம்பளி வைத்தால் அதே பதினேழு. 41ஐ ஒருவருக்கும் வைக்க முடியவில்லை, இளைத்த சீமாட்டியைத் தவிர. அவளும் புல் வரும்வரைதான்.

“நம்பர்படிதான் தருவேன். இஷ்டம்னா வாங்கு, இல்லன்னா நடையக் கட்டு” என்றார் முதலாளி. “யாரு மொதல்ல?”

சேணத்துக்கு எண் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஸ் நிலையத்திலிருந்து முதல் கூட்டம் ஏரிக்கு வந்துகொண்டிருந்தது.

“முப்பது நாள்ல டாக்டரம்மா திரும்ப வருவாங்க. இந்தக் காகிதத்தையெல்லாம் அவங்ககிட்டயும் காட்டட்டுங்களா?” என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

நல்லமுத்து பரப்பியிருந்த காகிதங்களைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கொட்டகைச் சாவியைத் தரையில் போட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

அவரவர் பொருந்திய சேணத்தை எடுத்துக்கொண்டபின், சீமாட்டியின் கயிற்றைக் காஜாண்ணன் கையில் கொடுத்தேன். “முப்பது நாளு சீமாட்டிய நீங்க பிடிங்க. பதினேழைப் போடுங்க, முன்னாடி கம்பளி வெச்சுக்குங்க. கலெக்டரை நான் பாத்துக்கறேன். தீனி உங்க சவாரியில வந்துரும், சூளைக்காரனுக்கு வேலையில்ல.”

வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 21

சூளைக்காரர் வந்தார், வண்டியோடு. கலெக்டர் எங்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்தது. “இதுக்குத் தீனி போட ஆள் இருக்குங்க” என்று அனுப்பிவிட்டேன்.

“நம்ம சோத்த அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிற” என்றார் அப்பா.

“அவரு சோத்துல நான்தானப்பா மண்ண அள்ளிப் போட்டேன்.”

சாயங்காலம் அப்பா ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து, கலெக்டரின் வாய்க்கு எட்டுகிற மாதிரி புல்லைத் தள்ளிவிட்டார்.

மார்ச் 30

உப்புத் தண்ணீரில் கழுவுகிறேன், காலை மாலை. ஓரம் சுருங்கிவருகிறது. கலெக்டர் கடிப்பதை நிறுத்திவிட்டது. காஜாண்ணன் தினமும் வந்து புண்ணைப் பார்க்கிறார். என்னிடம் பேசுவதில்லை. குதிரையிடம் பேசுகிறார், எனக்குக் கேட்கிற மாதிரி: “இன்னிக்குக் கொஞ்சம் தேவலைல்ல ராசா? கழுவுறவளக் கொஞ்சம் மெதுவாக் கழுவச் சொல்லு.”

மெதுவாகக் கழுவினேன்.

ஏப்ரல் 9

நல்ல மழை. மலையெல்லாம் புல். ஏரிக்கரையில் கம்பி வைக்காத குதிரை இல்லை. என்னைத் தேடி வந்து கூப்பிடுகிறார்கள். முதலாளி வேறு வழியில்லாமல் பெரிய அளவில் இரண்டு சேணம் வாங்கிப் போட்டிருக்கிறார். தானே யோசித்து வாங்கியதாக ஊரில் சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

சீமாட்டிக்கு நாலாவது கோடு. முதல் கோட்டைத் தொடப்போகிறது.

ஏப்ரல் 18

டாக்டரம்மா விரலை ஓட்டிப் பார்த்தார். கலெக்டரின் புண் ஆறிய இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்திருக்கிறது. அது இனி எப்போதும் வெள்ளைதான், மாறாது என்றார். கலெக்டர் இருக்கும்வரை அந்த இரண்டு வெள்ளைத் திட்டும் இருக்கும், நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். வில்லையைத் திருப்பிக் கொடுத்தார்.

காஜாண்ணன் பதினேழைக் கலெக்டரின் முதுகில் வைத்தார். வாரை இழுத்தார். அது காதை மடக்கவில்லை. சீமாட்டிக்குப் புதுச் சேணம் ஒன்றை எடுத்துவைத்தேன். கம்பளி இல்லாமலே உட்கார்ந்தது. பின்பக்கத்தில் எண் எதுவும் இல்லை. கொட்டகையில் இருந்த பெயின்ட் டப்பாவைத் திறந்து பிரஷை நனைத்தேன்.

“ஏ பனியன் கம்பெனி.”

ஒரு மாதத்துக்குப் பின் முதல் வார்த்தை. திரும்பாமல் நின்றேன்.

“பெயின்ட மூடு. சாக்பீஸ்ல எழுது. அடுத்த மாசம் மறுபடி அழிக்கணும்ல?”